கயலுக்கு வாட்ச், எனக்கு வட்டம்

ஜூன் 28, சனி

அனல். காற்று துளிகூட இல்லை. கூனிமேடு போய் ரஃபி பாய் கடையில் கயலுக்கு வாட்ச் வாங்கியாயிற்று, பிள்ளை இருக்கும் இடத்தை என் போனில் காட்டும் வாட்ச். ஊதா நிறம். ரோஸ்தான் வேண்டுமென்று அடம் பிடித்தது ஒன்பது வயது மகள் அல்ல, அவள் அப்பா. "பொம்பள புள்ளைக்கு ரோஸ்தானே அழகு?" கயல் அவரைப் பார்த்த பார்வையில் பாயே ரோஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வாட்ச் எதற்கு என்று எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் பேச்சு மாறக் கூடாது, நான் உட்பட. திங்கள் முதல் பாண்டியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை. கல்யாணத்துக்குப் பின் முதல் வேலை. மாதக்கணக்கில் கெஞ்சி, அது பலிக்காமல் பேச்சை நிறுத்தி, அப்படி வாங்கிய சம்மதம். ஏ. போட்ட கண்டிஷன்: "ஒரு வாரம் பாப்போம். ஒரே ஒரு நாள் புள்ள எங்க இருக்குதுன்னு தெரியாம போச்சு, அன்னியோட வேலைய விட்டுடணும்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஏ. என்றால் என் வீட்டுக்காரர். பேரை முழுசாக எழுத இன்னும் கை கூசுகிறது. உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறார். பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். வீட்டில் என்னோடு பேசுவதைவிட அதோடு அதிகம் பேசுவார்.

வாட்ச் செட்டிங் கடையிலேயே. ஓடிபி என் போனுக்கு. இன்னொரு ஓடிபி, அதுவும் என் போனுக்கு. ஏ. முகம் சுருங்கியது.

"ஏன் பாய், என் போனுக்கு ஒண்ணும் வராதா?"

"நிர்வாகி ஒருத்தர்தான்ணே இருக்க முடியும். தங்கச்சிதான் நிர்வாகி. நீங்க உறுப்பினர்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "உறுப்பினர், உறுப்பினர்" என்று முனகிக்கொண்டே பைக் ஓட்டினார்.

வாட்ச்சுக்கு ரகசிய பின் நம்பர் வைக்கச் சொன்னார் பாய். நான் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் காது மந்தமான ஏ. "இன்னா?" என்றார். திரும்பச் சத்தமாகச் சொன்னேன். கடையில் ரீசார்ஜுக்கு நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அல்லாவே, வேற நம்பர் வைங்கம்மா" என்றார் பாய். வைத்தேன். மனசுக்குள்.

வாங்க மறந்தவை: புளி, கயல் டிபன் பாக்ஸுக்கு மூடி, எனக்குக் குடை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் கொஞ்சம் மேகம். ஏ. முகத்தில் அதைவிடப் பெரிய மேகம். மழை வந்தால் உப்பு போச்சு. வரவில்லை.

வட்டம் போட்டேன். ஆப்பில் பாதுகாப்பு வட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டை நடுவில் வைத்து விரலால் இழுத்தால் வட்டம் பெரிதாகும். பிள்ளை அதைத் தாண்டினால் அவள் கையில் வாட்ச் நடுங்கும், என் போனில் சத்தம் வரும். இருப்பதிலேயே சின்ன வட்டத்தை வைத்தேன், ஸ்கூல் நாளில் சாயங்காலத்துக்கு மட்டும். நம் வீடு, எதிர்வீட்டு மேரி அக்கா, ஸ்கூல் வேன் நிற்கும் முனை, எல்லாம் உள்ளே. ஈசிஆர் ரோடும் பஸ் ஸ்டாப்பும் வெளியே. நிம்மதி.

ஒரு விஷயம்: மேப்பில் உப்பளம் முழுக்க நீலம். ஏதோ சமுத்திரக் கரையில் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. "அது நம்ம பாத்திதான், அதுல கெண்டைக்கால் அளவுகூட தண்ணி நிக்காது" என்றார் ஏ. உறுப்பினராக இருந்தாலும் விவரமானவர்.

கயலிடம் பேசக்கூடிய நம்பர்களையும் நான்தான் சேர்க்க வேண்டும். மற்ற நம்பரில் இருந்து வந்தால் வாட்ச் எடுக்கவே எடுக்காது. சேர்த்தது: நான், ஏ., நான் வரும்வரை கயலைப் பார்த்துக்கொள்ளப்போகும் மேரி அக்கா. போதும்.

மத்தியானம் கயல் அப்பாவோடு உப்பளம் போனாள். நான் யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. "அவசர அழைப்பு: கயல்." ஒரு கால் செருப்போடு வாசலுக்கு ஓடி, காதில் வைத்தால் பிள்ளை குரல் இல்லை. ஆம்பளைகள் பேசுகிற சத்தம்.

"இன்னா மோட்டாரு, ஊட்டுக்காரிய வேலைக்கு அனுப்புறியாமே?"

"நான் எங்கப்பா அனுப்புறேன். அதுவா போவுது."

"உனக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஊட்டுக்கு போனா அது இருக்கும். இனிமே இருக்காது. அதான்."

நின்றுவிட்டேன். அடுத்த வாக்கியம்:

"நேத்து கத்திரிக்கா குழம்புல உப்பே இல்லப்பா. உப்பளத்துக்காரன் ஊட்டுல."

பிறகு கயல். "ம்மா, எதுக்கு கூப்ட்ட?" நான் கூப்பிட்டேனாம். பாத்தித் தண்ணீரில் கையை விட்டிருக்கிறாள். வாட்ச் கண்ணாடியில் உப்புத் தண்ணீர் பட்டால் யாரோ விரலால் அழுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. இனி உப்பளத்துக்கு வாட்ச் போகாது. ராத்திரிக் குழம்பில் இரண்டு பங்கு உப்பு போட்டேன். வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

ஜூன் 30, திங்கள்

முதல் நாள். பஸ்ஸில் ஜன்னல் சீட். பொம்மையார்பாளையம் தாண்டியதும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

கடையில் ஏசி. முதலாளி நல்ல மாதிரி. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நிரந்தரமாம். ஆக, எல்லாரும் என்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் ஒரு வாரம், கடையில் இரண்டு வாரம்.

சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லை. கயல் ஸ்கூலில் இருக்கிறாள். கயல் வேனில் வருகிறாள். கயல் வீட்டில். மேப்பில் ஊதாப் புள்ளி நகர்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது.

"கயல் வட்டத்தை விட்டு வெளியேறினாள்." "கயல் வட்டத்துக்குள் வந்தாள்." "கயல் வெளியேறினாள்." "வந்தாள்." போன் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறது, அதை நிறுத்தத் தெரியவில்லை. பில்லுக்கு நின்ற பெரியவர், "யாரும்மா கயல்? ஒரு எடத்துல இருக்க மாட்டாளா?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து திட்டினேன். எங்கே போனாய் என்றால் கீழே பார்த்துக்கொண்டு கால் கட்டைவிரலால் தரையில் கோடு போடுகிறாள். "சும்மா தெருவுலதாம்மா." ஏ. தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். முதல் நாளே இப்படி.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் மேரி அக்கா வாசலில் மூச்சு வாங்க. "சுமதி, வெளிய வராத. தெருவுல யாரோ உப்பு கொட்டி வெச்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். மூன்றாவது கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில், தெருவுக்குக் குறுக்கே, நேராக ஒரு உப்புக் கோடு. யாரோ நிதானமாக உட்கார்ந்து போட்டது. சிந்தினது இல்லை.

"எனக்கு இந்த செய்வினைல எல்லாம் நம்பிக்கை கெடையாது" என்றார் மேரி அக்கா. சொல்லிவிட்டு, கோட்டை மிதிக்காமல் சாக்கடை ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். தினமும் உப்பளத்தில் உப்பை மிதித்து உப்பைச் சுமந்து சம்பளம் வாங்குகிற பெண்பிள்ளை. தெருவில் ஒரு கோட்டைப் பார்த்ததும் கால் கூசுகிறது. சிரிக்கலாம் என்று பார்த்தேன். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாப் போனேன்.

கடையில் நாத்தனார் போன், வானூரில் இருந்து. எடுத்த எடுப்பில்: "என் நம்பர தடுத்து வெச்சிருக்கீங்களாமே?"

"தடுக்கல அண்ணி, சேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான். எதிர்வூட்டு மேரி இருக்காளாம். அத்தை நான் இல்லையாம். நான் இன்னா புள்ள புடிக்கிறவளா?"

சேர்க்கிறேன் என்றேன். "ஒண்ணும் வேணாம்" என்று வைத்துவிட்டார். சேர்த்தேன். சேர்த்ததும் கயலுக்குப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார், வகுப்பு நேரத்தில். ஸ்கூல் நேரத்தில் வாட்ச் பூட்டிக்கொள்ளும் என்று அவரிடம் யார் விளக்குவது.

சாயங்காலம் மறுபடி. வெளியேறினாள், வந்தாள், வெளியேறினாள், வந்தாள். நேற்றைவிட அதிகம். பஸ் இறங்கி வந்து மறுபடி திட்டினேன். "உன்னாலதான் என் வேலை போவப்போவுது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளை கண் கலங்கி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஏ. சமாதானத்துக்கு வாட்ச்சைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்.

ஜூலை 2, புதன்

தெருவில் இப்போது மூன்று கோடு. மூன்றும் மூன்று இடத்தில். ஒன்று கம்பத்துக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று தண்ணீர்க் குழாய் பக்கத்தில் கோணலாக. மேரி அக்கா ஜெப எண்ணெய் கொண்டுவந்து எங்கள் வாசல்படியில் தடவினார். நான் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். சாமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

"கோடு நம்ம வூட்ட பாத்துதான் நெருங்குது" என்றார் மேரி அக்கா. "நீ பாண்டிக்கு வேலைக்கு போறது யாருக்கோ பொறுக்கல."

எனக்கு உடனே வானூர் ஞாபகம்தான் வந்தது. செவ்வாய் காலை ஒரு கோடு. அப்புறம் நாத்தனார் சண்டை. மறுநாளே மூன்று கோடு. வானூரில் இருந்து பஸ் மாறி வந்து தெருவில் உப்பு போடுவாரா? போடக்கூடியவர்தான். இதை ஏ.யிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஏ. இதிலெல்லாம் கில்லாடி மாதிரிப் பேசுவார். "உப்புக்கு பயந்தா நான் எங்க போறது?" பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக, உப்பள வரப்பு மேலேயே வேலைக்குப் போனார். எதற்கு என்று கேட்டேன். காற்று வாங்கவாம்.

சாயங்காலம் சத்தம் இரண்டே தடவை. அப்பாடா. திட்டு வேலை செய்கிறது.

வரும்போது அல்வா வாங்கி வந்தேன், நேற்றுப் பேசியதற்கு. கயல் பாதியை எடுத்து எனக்கே ஊட்டினாள். "நாளைக்கும் போவியாம்மா?" "போவேன்." "நாளன்னிக்கு?" "போவேன்டி." "சரி." இவ்வளவுதான். ஏன் கேட்டாள் என்று அப்போது யோசிக்கவில்லை, வாயில் அல்வா.

படுக்கும் முன் வாட்ச்சை சார்ஜில் போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

எழுத்து கோணல். நடந்தபடியே எழுதுகிறேன்.

வேன் வரும் நேரத்துக்குப் போனைப் பார்த்தேன். ஊதாப் புள்ளி இல்லை. "இணைப்பில் இல்லை. கடைசியாகக் கண்ட இடம்" என்று போட்டு, மேப்பில் நட்ட நடு நீலம். நீலம் என்றால் உப்பளம். கெண்டைக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. வேன் அந்த ரோட்டில்தான் வரும். எல்லாம் தெரியும். தெரிந்தும் கண்ணுக்கு அது கடல்.

ஏ.க்கு அடித்தேன். எடுக்கவில்லை, மோட்டார் ஓடினால் எடுக்க மாட்டார். மேரி அக்கா எடுத்தார்.

"வேன்ல இருந்து எறங்கிச்சே. பாலு குடிச்சிச்சு. தெருவுலதான் இருக்கும், இரு பாக்கிறேன்." செருப்புச் சத்தம். குழாயடிச் சத்தம். பிறகு குரல் மாறியது. "காணோமே சுமதி."

பில் மெஷினை அப்படியே விட்டு எழுந்தேன். முதலாளி, "போங்கம்மா, போங்க" என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், சீட் இருந்தது. என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். வேலை வேண்டாம், கண்ணாடிக் கடை வேண்டாம், ஏசி வேண்டாம், வாழ்நாள் முழுக்கக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறேன். கூனிமேட்டில் பஸ்ஸை நிறுத்தி ஒருவர் நிதானமாக மீன் கூடை இறக்கினார். அவரை அடிக்கலாம் போலிருந்தது.

எங்கள் பஸ் ஸ்டாப். இறங்குகிறேன். நிழற்குடை பெஞ்சில் கயல். காலை ஆட்டிக்கொண்டு, மடியில் ஒரு பாலித்தீன் கவர். கவர் நிறைய உப்பு.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கட்டிப் பிடித்துவிட்டேன்.

"இங்க ஏண்டி வந்த?"

"வாட்ச் ஆடவே இல்லம்மா. ஆடும், ஆடும்னு நடந்துட்டே இருந்தேன். பஸ் ஸ்டாப்பே வந்துடுச்சு."

"கையில இன்னா உப்பு?"

"கோடு போட." என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எங்க வாட்ச் ஆடுதோ அங்கதான் வட்டம் முடியுது. கோடு போட்டு வெச்சிட்டா தாண்ட மாட்டேன்ல? தாண்டினா உனக்கு சத்தம் வரும், நீ திட்டுவ. ஆனா அது தெனம் வேற வேற எடத்துல ஆடுதும்மா. அதான் நெறைய கோடு. நேத்து எல்லாத்துக்கும் இந்தப் பக்கமா நின்னேன்."

"கோட்டுல நின்னு இன்னா பண்ணுவ?"

"அங்க நின்னாதான் உன் பஸ்ஸு தெரியும்."

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவள் உப்புக் கவரைப் பத்திரமாகத் தள்ளி வைத்துவிட்டு, என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

வீட்டில் ஏ., மேரி அக்கா, தெருவே. ஏ. முகம் வெளுத்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக் கீழே விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்..."

அதற்குள் கயல் வாட்ச்சைக் கழற்றித் திருப்பினாள். "ப்பா, இது இன்னா கறுப்பா?"

பின்பக்கம் சார்ஜ் ஏறும் இடத்தில் கெட்டியாக கிரீஸ். மோட்டார் கிரீஸ்.

"உப்புக் காத்து" என்றார் ஏ. மெதுவாக. "துரு புடிச்சிடுமேன்னு. செவ்வாக்கெழம தொடைக்கும்போது லேசா வெச்சேன்."

லேசாக. எங்கள் வீட்டில் கேட் கீல், சைக்கிள் செயின், பீரோ பூட்டு, தையல் மெஷின், எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு இருக்கிறது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து வந்தேன். நேற்று ராத்திரி முழுக்க வாட்ச் சார்ஜில் கிடந்தது, ஒரு சொட்டு ஏறவில்லை. மேரி அக்கா முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. ஏ. மண்ணெண்ணெய்த் துணி எடுத்து வந்து மூலையில் உட்கார்ந்து துடைத்தார். கண்டிஷன் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் விட்டாலும் நான் விடவா? மூன்று நாளாகப் பிள்ளை கம்பத்தடியில் நின்றிருக்கிறாள், நான் கடையில் இருந்து வந்து அதற்குத் திட்டியிருக்கிறேன். சோறு போடும்போது கேட்டேன். "கயல், அம்மா வேலைக்கு போவாம நின்னுடட்டுமா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அப்பளத்தை உடைத்தாள்.

"வேணாம். வட்டத்த பெருசா பண்ணு."

வானூருக்குப் போன் போட்டு நாத்தனாரிடம் சௌக்கியம் விசாரித்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

ஜூலை 4, வெள்ளி

நல்ல காற்று. மாவு அரைக்க வேண்டும்.

காலையில் வட்டத்தை இழுத்தேன். கம்பம் தாண்டி, குழாய் தாண்டி, ரோடு வரை, பஸ் ஸ்டாப் உள்ளே வரும்வரை. அந்தப் பக்கம் பாதி உப்பளமும் உள்ளே வந்துவிட்டது. நீலம் நிறைய. இருக்கட்டும். மேரி அக்கா துடைப்பத்தால் மூன்று கோட்டையும் கூட்டித் தள்ளிவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு."

ஏ. இனிமேல் சாயங்காலம் டீயை பஸ் ஸ்டாப் கடையில் குடிப்பாராம், கயலையும் கூட்டிக்கொண்டு. அந்தக் கடை டீ நன்றாக இருக்கும் என்கிறார். எனக்குத் தெரியும், அது வெந்நீர்.

கடையில் நாள் முழுக்க போன் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமைப் பெரியவர் கண்ணாடி வாங்க வந்தார். "கயல் எங்க?" என்றார். "உள்ளதான் இருக்கா" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எங்கள் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் முன்னால் இறங்கப் போனவர், படியிலேயே காலை நிறுத்திவிட்டார். கீழே, நிழற்குடைக்கு முன்னால், தார் ரோட்டு ஓரத்தில் புத்தம் புது உப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் டீ கிளாஸோடு ஏ., பக்கத்தில் கயல், இரண்டு பேரும் விறைப்பாக நின்றுகொண்டு.

"யாரோ என்னமோ வெச்சிருக்காங்கம்மா" என்றார் கண்டக்டர். "தள்ளி நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேணாங்க" என்றேன். "எங்க வூட்டுதுதான்." கோட்டு மேலேயே காலை வைத்து இறங்கினேன்.